உள்பக்கத்துப் பேட்

மூன்று வாரமாக முன்சக்கரம் கீச்சிட்டது.
கத்துவதற்கென்றே ஒரு சின்னத் தகட்டைப்
பேடில் வளைத்து வைத்திருக்கிறார்களாம்;
தேய்ந்து அதுவரை வந்துவிட்டால்
டிஸ்க்கைத் தொட்டு அது கத்தும்.
இவ்வளவு நேர்மையான ஏற்பாடு
எங்கள் வீட்டில் வேறெதிலும் இல்லை.

"ஜனவரியில் வந்து நான் பார்க்கிறேன்"
என்றான் ராய்ஸ்,
ஏரி நடுவே எங்கோ,
இரும்புத்தாது ஏற்றிய கப்பலிலிருந்து.
இப்போதுதான் நவம்பர்.
டுலூத்தில் எங்கள் தெரு
தண்ணீரைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது.
பள்ளிக்கூடம் அடியில்.
ஜனவரிக்குள் எத்தனை முறை இறங்குவேன் என்று
அவன் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

பிள்ளைகள் தூங்கிய பிறகு
கராஜில் விளக்கைப் போட்டேன்.
ஜாக்கியில் மூக்கைத் தூக்கியதும்
சீட்டுக்கடியில் எதுவோ உருண்டு பின்னால் போனது.
போன வருஷம் அழுது அழுது தேடிய
ஹாக்கிப் பக்காக இருக்கலாம்.

சக்கரம் வந்தது.
இரண்டு போல்ட், காலிப்பரும் வந்தது.
அதைக் குழாயில் தொங்கவிடக் கூடாது, கம்பி வேண்டும்.
அலமாரியில் கம்பி மாட்டி ஒன்றே ஒன்று,
ராய்ஸின் ஒரே கோட்டைச் சுமந்தபடி.
கோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு
மாட்டியை வளைத்து எடுத்துப் போனேன்.

வெளிப்பக்கத்துப் பேட்
விரல் கனத்துக்கு மிச்சம் இருந்தது,
வேலைக்கே போகாத மாப்பிள்ளை போல.
உள்பக்கத்துப் பேடில்
வெறும் இரும்பு.
மிதித்தது ஒரே கால்,
இறங்கியது ஒரே சரிவு.
இரண்டுக்கும் நடுவே நகர்ந்து கொடுக்க வேண்டிய பின்
துருப்பிடித்து இறுகியிருந்தது.
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.
உவமை ஒன்றும் தேடவில்லை.
கை குளிர்ந்தது.

அடுத்தது டிஸ்க்.
ஐந்து குளிர்காலத்துச் சாலை உப்பு
அதை அச்சோடு ஒட்ட வைத்திருந்தது.
ஒரு திருகு வந்தது.
இன்னொன்றின் தலை வழவழவென்று போய்விட்டது.
துளையிட்டேன். எண்ணெய் விட்டேன். அடித்தேன்.
மறுபடி அடித்தேன்.
பக்கத்து வீட்டு வெர்லா பெல்கி
இரவு அங்கியும் பனி பூட்ஸுமாக வந்து நின்றாள்.
"யாரை அடிக்கிறாய்?"
நான் பெயர் சொல்லவில்லை.
போனவள் இன்னும் பெரிய சுத்தியலோடு திரும்பினாள்.

நாலாவது அடியில்
மடாரென்று கழன்று
என் காலுக்கு ஓரங்குலம் தள்ளி விழுந்தது.
நாங்கள் இருவரும் சிரித்தோம்,
பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதென்று
வாயைப் பொத்திக்கொண்டு.

பின்னைத் தேய்த்துச் சுத்தம் செய்து கிரீஸ் தடவினேன்.
விரலால் தள்ளினாலே நகர்ந்தது.
புது டிஸ்க், புதுப் பேட்.
மறுபக்கமும் அதே கதை,
அங்கே திருகுகள் மட்டும் கருணை காட்டின.

இரவு ஒன்றேகால்.
வெர்லா எங்கள் சோபாவில்.
சாவியைத் திருப்பி
பிரேக்கை மிதித்தேன்.

கால் நேராகத் தரைக்குப் போனது.

ஒன்றுமே இல்லை அங்கே.
கராஜ் கதவு திறந்திருக்கிறது,
அதற்கப்பால் தெரு, தெருவின் அடியில் ஏரி.
கியர் பார்க்கிங்கில்தான் இருந்தது.
வயிற்றுக்கு அது தெரியவில்லை.
பிறகுதான் நினைவு வந்தது:
பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன்
பேடைத் தேடி வர வேண்டும்,
நாமாக மிதித்து மிதித்து அழைக்க வேண்டும்.
இரண்டாம் மிதியில் பஞ்சு.
மூன்றில் களிமண்.
ஐந்தாம் மிதியில் கல்.

மேட்டுக்கு மேலே ஆளில்லாச் சாலையில்
ஐம்பது மைல் வேகம், பிறகு பத்து.
முழுதாக நிறுத்தக் கூடாது.
மறுபடி ஐம்பது, மறுபடி பத்து.
எட்டு முறை.
பின்னால் பக் உருண்டு உருண்டு மோதியது.
புதுப் பேடின் வாடை எழுந்து அடங்கியது.
தூரத்தில் ஒரு கப்பல் விளக்கு,
அவனுடையதல்ல.
அவன் திங்கட்கிழமை வரை மேற்கே வரமாட்டான்.

வீட்டுக்கு இறங்கும் சரிவில்
சத்தமே இல்லை.
சத்தம் இல்லாதது
பழக இரண்டு நாளாகும்.

கட்டிலில் அவன் பக்கம் கோட்டு கிடந்தது.
மாட்டி பாழாகிவிட்டது.
கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன்.
ஒரு தோள் உயர்ந்து,
ஒரு தோள் சரிந்து.